சாக்கரின் வழக்கு எங்கே நிற்கும், எங்கே விழும்

வெயில் ஏறினால் கலர் சோடா, பாக்கெட் ஜூஸ் விற்பனை சூடுபிடிக்கும். கூடவே உணவு பாதுகாப்புத் துறையின் சோதனையும் சூடுபிடிக்கும். மறுநாள் பேப்பரில் "சாக்கரின் கலந்த குளிர்பானம் பறிமுதல்" என்று நாலு வரி வரும். அதற்கப்புறம் அந்த வழக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. பாதி வழக்குகளின் தலைவிதி, மாதிரி எடுத்த அந்த அரைமணி நேரத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் செயற்கை இனிப்பூட்டியான சாக்கரின் நம் நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள் அல்ல. சட்டம் கேட்பது மூன்றே கேள்விகள்: இந்த உணவில் இந்த இனிப்பூட்டிக்கு அனுமதி உண்டா, அனுமதித்த அளவுக்குள் இருக்கிறதா, உறையில் சொல்லியிருக்கிறதா. "இது விஷமா?" என்ற கேள்வியை மேடையில் வேண்டுமானால் கேட்கலாம். வழக்கில் அதைப் பிடித்துத் தொங்கினால் காரியம் கெட்டுவிடும்.

அமெரிக்கா இதை நூறு வருடம் முன்பே பட்டு அறிந்தது. 1906-இல் உணவுத் தூய்மைச் சட்டம் வந்ததும், வேதியியல் துறைத் தலைவர் ஹார்வி வைலி சாக்கரினை ஒழித்துக் கட்ட முனைந்தார். அவர் நல்ல மனிதர், ஆனால் உடலுக்குக் கேடு என்பதை நிரூபிப்பதிலேயே நின்றார். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டோ தன் மருத்துவர் சொல்லித் தினமும் சாக்கரின் சாப்பிடுகிறவர். அவர் ஐரா ரெம்சன் தலைமையில் ஒரு நிபுணர் குழுவைப் போட்டார். ரெம்சனின் ஆய்வுக்கூடத்தில்தான் 1879-இல் சாக்கரினே கண்டுபிடிக்கப்பட்டது. நாளுக்கு 0.3 கிராமுக்குள் தீங்கில்லை, சர்க்கரைக்குப் பதிலாகப் போட்டால் உணவின் தரம் குறைகிறது என்றது குழு. 1912-இல் சாதாரண உணவுகளில் அதைத் தடுத்தபோது, அரசுக்குக் கைகொடுத்தது அந்த இரண்டாவது வரிதான். பிறகு மான்சான்டோ நிறுவனத்தின் சாக்கரின் மீது செயின்ட் லூயிஸில் வழக்குப் போட்டார்கள். இரண்டு முறை விசாரணை நடந்தும் ஜூரிகள் ஒருமித்து முடிவுக்கு வரவில்லை. 1925-இல் வழக்கைக் கைவிட்டார்கள்.

நம் சட்டம் அந்தக் குழியைத் தாண்டி நிற்கிறது. 2006-ஆம் வருட உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2011 ஆகஸ்ட் 5-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் வந்த 2011 ஒழுங்குமுறை அட்டவணையில் கார்பனேற்றிய நீருக்கு, அதாவது நம் கலர் சோடாவுக்கு, சாக்கரின் சோடியம் 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு, லிட்டருக்கு ஏறக்குறைய 100 மில்லிகிராம்), மற்ற இனிப்பூட்டிகளான அஸ்பார்டேம் 700, அசிசல்ஃபேம் பொட்டாசியம் 300, சுக்ரலோஸ் 300 என்று உச்ச அளவு இருக்கிறது. இரண்டைச் சேர்த்துப் போட்டால் ஆளுக்கு முழு அளவு கிடையாது, விகிதப்படி குறையும். அஸ்பார்டேம் 350 போட்டால், அதன் அளவில் பாதி தீர்ந்தது. அசிசல்ஃபேம் மீதிப் பாதிக்குள், 150-க்குள், நிற்க வேண்டும். இந்த விகிதக் கணக்குத் தெரியாமல், இரண்டும் தனித்தனியே அளவுக்குள்தான் இருக்கிறது என்று வாதாடித் தோற்றுப்போகிற சிறு தயாரிப்பாளர்கள் உண்டு.

இப்போது 100 பி.பி.எம். என்றால் என்னவென்று பார்ப்போம். 100 லிட்டர் கலருக்கு 10 சதவீத இனிப்பு வேண்டுமென்றால் சர்க்கரை 10 கிலோ. சாக்கரின் சர்க்கரையைப் போல 300 முதல் 500 மடங்கு இனிக்கும். நடுவாக 400 என்று வைத்தால், 10 கிலோவுக்கு ஈடாக 25 கிராம் வேண்டும். ஆனால் 100 லிட்டருக்குச் சட்டம் அனுமதிப்பது 10 கிராம்தான். அது 4 கிலோ சர்க்கரையின் இனிப்பைத்தான் தரும். மீதி 6 கிலோவுக்குச் சர்க்கரையே போட்டாக வேண்டும். ஆக, சர்க்கரையே இல்லாமல் சாக்கரினை மட்டும் நம்பி வழக்கமான இனிப்பில் கலர் போடுகிறவர் அளவைத் தாண்டாமல் இருக்கவே முடியாது. அளவு கூடக்கூடக் கசப்பும் தலைகாட்டும், அதை மறைக்க எசன்ஸும் சிட்ரிக் அமிலமும் ஏறும்.

பத்து கிராம் எவ்வளவு சின்ன அளவு என்பதிலும் வம்பு இருக்கிறது. குவித்த ஒரு தேக்கரண்டியே 5, 6 கிராம் போகும். காய்கறி நிறுக்கும் தராசில் 5 கிராம் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, ஆனால் 100 லிட்டரில் அது 50 பி.பி.எம். நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற தராசு இல்லாதவர் இந்த வேலைக்கு இறங்கக் கூடாது. அடுத்த சிக்கல் சரக்கின் வகை. சோடியம் சாக்கரின் தண்ணீரில் சட்டென்று கரையும். அமில வடிவச் சாக்கரின் ஒரு கிராம் கரைய ஏறக்குறைய 290 மில்லி தண்ணீர் கேட்கும். கெமிக்கல் கடையில் பெயரை மட்டும் சொல்லி வாங்கி, அமில வடிவத்தைக் கெட்டியான பாகில் நேராகக் கொட்டினால் அடியில் தங்கும். கடைசியாக நிரப்பும் பாட்டில்களில் அளவு எகிறும். ஒரே பேட்ச்சில் ஒரு பாட்டில் தேறி, இன்னொரு பாட்டில் மாட்டுவது இப்படித்தான்.

இதைவிட மோசம், மூட்டையில் என்ன கிரேடு என்று பார்க்காமல் வாங்குவது. சோடியம் சாக்கரின் நிக்கல் முலாம் பூசும் தொட்டியில் பளபளப்புக்காகப் போடும் சரக்கும்கூட. அந்தத் தொழிலுக்கு வரும் மூட்டை உணவுத் தரத்துக்குச் சோதிக்கப்பட்டதல்ல. உணவுக்கான சாக்கரினில் டொலுயீன் சல்ஃபோனமைடு என்ற தயாரிப்பு மிச்சம் கிலோவுக்கு 25 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சர்வதேச வரையறை. மூட்டையில் உணவுத் தரம் என்ற அச்சும் உரிம எண்ணும் இல்லையென்றால் விலை எவ்வளவு குறைவானாலும் தொடக்கூடாது.

சோதனைக்கு வரும் அலுவலர் எந்தப் பாட்டிலில் சந்தேகம் கொள்வது? நாக்கை நம்பி வழக்குப் போட முடியாது, ஆனால் கரைந்துள்ள சர்க்கரையின் சதவீதத்தைக் காட்டும் கையடக்கமான பிரிக்ஸ் மீட்டர் நல்ல துணை. மூடியைத் திறந்து, வாயுவை நன்றாக ஆற்றிவிட்டு, இரண்டு சொட்டு கண்ணாடியில் விட்டுப் பார்க்க வேண்டும். தித்திப்பு முழுசாக இருக்கிறது, மீட்டர் மட்டும் 2 அல்லது 3 காட்டுகிறது என்றால் இனிப்பு சர்க்கரையிலிருந்து வரவில்லை. பதநீர் என்று விற்பதற்கும் இதே கண்ணோட்டம்தான். நல்ல பதநீர் 10-க்கு மேல் காட்டும். தண்ணீரும் சுண்ணாம்பும் சாக்கரினும் கலந்த போலி அதன் கிட்டவே வராது. வீட்டில் மீட்டர் இல்லாதவர்கள் ஒரு கரண்டி பானத்தை இரும்புச் சட்டியில் மெல்லிய தீயில் வற்றவிடலாம். சர்க்கரை இருந்தால் பாகாகிப் பழுப்பேறும். இல்லையென்றால் சட்டியில் லேசாக ஒரு வெண்படலம்தான் மிஞ்சும். இது சந்தேகத்துக்குப் போதும், சாட்சிக்குப் போதாது.

இனி மாதிரி எடுப்பது. இரண்டு வகை உண்டு. சர்வைலன்ஸ் சாம்பிள் நிலவரம் அறியவே, அதை வைத்து வழக்குப் போட முடியாது. லீகல் சாம்பிள் எடுத்தால்தான் வழக்கு. லீகல் சாம்பிளுக்கு கடைக்காரருக்குப் படிவம் 5ஏ-வில் அறிவிப்பு தர வேண்டும், விலை கொடுத்து வாங்க வேண்டும், குறைந்தது ஒரு சாட்சியை வைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். மாதிரியை நான்காகப் பிரிக்க வேண்டும். அடைத்து விற்கும் பாட்டிலாக இருந்தால் திறக்காமல் அப்படியே எடுக்க வேண்டும். நாலு பங்கும் ஒரே பேட்ச் எண்ணாக இருக்க வேண்டும். சின்னக் கடையில் ஒரே பேட்ச்சில் போதிய பாட்டில் இல்லையென்று கையில் கிடைத்ததைக் கலந்து எடுத்துவிட்டால், அங்கேயே வழக்கு நொண்டியாகிவிடும். பேட்ச் மாறினால் அளவு மாறும் என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வது சரிதானே.

ஒவ்வொரு பங்கையும் கெட்டித் தாளில் சுற்றி மடிப்புகளை ஒட்ட வேண்டும். மாவட்ட அளவில் உணவு பாதுகாப்புக்குப் பொறுப்பான நியமன அலுவலர் தந்த எண்ணுள்ள சீட்டை அடியிலிருந்து மேல்வரை சுற்றி ஒட்டி, கடைக்காரரின் கையெழுத்து பாதி சீட்டிலும் பாதி தாளிலும் விழும்படி வாங்க வேண்டும். பிறகு நூலால் கட்டி நாலு இடத்தில் அரக்கு முத்திரை: மேலே ஒன்று, கீழே ஒன்று, உடலில் இரண்டு. முடிச்சின் மேல் அரக்கு விழுந்திருக்க வேண்டும். முடிச்சு வெளியே தெரிந்தால், அவிழ்த்துக் கட்டியிருக்கலாம் என்ற வாதம் கிளம்பிவிடும். முத்திரையின் பதிவை, பகுப்பாய்வாளருக்கான குறிப்பாணையான படிவம் 6-உடன் தனியாக அனுப்ப வேண்டும். பொட்டலத்துக்குள்ளேயே அதையும் வைத்து அனுப்புகிற தவறு நடக்கத்தான் செய்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வெளியே ஒன்று இல்லையென்றால், முத்திரை சரி என்று ஆய்வகம் எதை வைத்து எழுதும்?

ஒரு பங்கு உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு பங்கு நியமன அலுவலரின் பாதுகாப்பில். நாலாவது பங்கு கடைக்காரரின் உரிமை. அவர் கேட்டால், அவர் செலவில், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இதைக் கேட்கலாம் என்பதே பல வியாபாரிகளுக்குத் தெரியாது. நேர்மையாகத் தொழில் செய்கிறவர் அந்த இடத்திலேயே எழுதிக் கேட்பது நல்லது. இரண்டு அறிக்கையும் முரண்பட்டால், நியமன அலுவலரிடம் உள்ள பங்குகளில் ஒன்று மைசூரு சி.எஃப்.டி.ஆர்.ஐ. (மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம்) போன்ற மேல்நிலை ஆய்வகத்துக்குப் போகும். அது சொல்வதே முடிவு.

தமிழ்நாட்டில் கிண்டி, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோயம்புத்தூர், பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் அரசு ஆய்வகங்கள் இருக்கின்றன. பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். சாக்கரின், அஸ்பார்டேம், அசிசல்ஃபேம் மூன்றையும் கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் புற ஊதா ஒளியை வைத்து ஒரே ஓட்டத்தில் அளந்துவிடலாம். சுக்ரலோஸ் புற ஊதாவில் சரியாகத் தெரியாது, அதற்கு வேறு வகை டிடெக்டர் வேண்டும். ஆகவே "இனிப்பூட்டி இல்லை" என்று அறிக்கை வந்தால், எதையெல்லாம் தேடிப் பார்த்தார்கள் என்று கேட்க வேண்டும். பால் சேர்ந்த பானமென்றால் ஃபெர்ரோசயனைடும் துத்தநாக உப்பும் கொண்ட கேரஸ் கரைசல்களால் புரதத்தைப் படியவைத்து வடிகட்டியாக வேண்டும். சோடாவென்றால் வாயுவை முழுசாக விரட்டிவிட்டுத்தான் பிப்பெட்டில் எடுக்க வேண்டும், குமிழியோடு எடுத்தால் அளவு குறைந்து காட்டும்.

சைக்லமேட் என்ற இன்னொரு செயற்கை இனிப்பூட்டி தனிக்கதை. அதற்கு இந்தியாவில் அனுமதியே கிடையாது. அமெரிக்காவும் 1969-இல் தடுத்துவிட்டது. ஆனால் அனுமதிக்கிற நாடுகளிலிருந்து வரும் பதப்படுத்திய பழத்திலும் ஜெல்லியிலும் எட்டிப் பார்க்கும். அதைக் கண்டுபிடிக்கும் பழைய சோதனை இன்றும் அழகானது. மாதிரியில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பேரியம் குளோரைடும் விட்டு, படிவதை வடிகட்டித் தெளிந்த நீரை எடுக்க வேண்டும். அதில் சோடியம் நைட்ரைட் சேர்த்துச் சூடான இடத்தில் வைத்தால், சைக்லமேட் உடைந்து கந்தகம் சல்ஃபேட்டாக வெளிவரும். தெளிந்திருந்த நீரில் பாலாடைபோல் வெண்மை திரண்டு அடியில் இறங்கும். இதற்கு லட்ச ரூபாய்க் கருவி எதுவும் வேண்டாம்.

ஆய்வகத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதும் உயிர்நாடி. 2015 ஆகஸ்ட் 13-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் மேகி நூடுல்ஸ் தடையை ரத்து செய்தபோது, சோதித்த ஆய்வகங்கள் சட்டப்படி அங்கீகாரம் பெற்றவை அல்ல என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். தரும் சான்று ஆய்வகத்துக்குப் பொதுவாக இருந்தால் போதாது, அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கும் இருக்க வேண்டும்.

எந்த இனிப்பூட்டி என்பதும் வழக்கின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. சாக்கரின் கெட்டியான ஆசாமி. அலமாரியில் ஆறு மாதம் கிடந்தாலும், பானமே புளித்துப்போனாலும், அதன் அளவு ஏறக்குறைய மாறாது. அஸ்பார்டேம் அப்படியல்ல. வெப்பத்தில் உடையும். நம் ஊர் மே மாத வெயிலில், மின்விசிறிகூட இல்லாத அறையில் கிடக்கும் பங்கை மேல்முறையீட்டில் திறந்தால், முதல் அறிக்கையில் இருந்த அளவு இருக்காது. அப்படியானால் முதல் அறிக்கை தப்பு என்றுதான் எதிர்த்தரப்பு வாதாடும். அந்தப் பங்குகளைக் குளிர்பெட்டியில் வைத்து, வெப்பநிலையைக் குறித்து வைப்பது பெரிய செலவில்லை. அதைச் செய்யாமல் விட்டு வழக்குத் தோற்றது என்று அங்கலாய்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அறிக்கை "பாதுகாப்பற்றது", "தரம் குறைந்தது", "தப்புக் குறியீடு" என்ற மூன்றில் எதைச் சொல்கிறதோ அதன்படி வழி பிரியும். பட்டியலில் இல்லாத பொருளைச் சேர்த்தால் பாதுகாப்பற்றது. அது உணவு பாதுகாப்பு ஆணையரின் அனுமதியோடு குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போகும். யாருக்கும் பாதிப்பு நேராவிட்டாலும், 2023 ஜன் விஸ்வாஸ் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 3 மாதம் வரை சிறை, 3 லட்சம் வரை அபராதம். மற்ற இரண்டும் மாவட்ட வருவாய் அலுவலரின் விசாரணைக்குப் போகும். தரம் குறைந்ததற்கு 5 லட்சம் வரை, தப்புக் குறியீட்டுக்கு 3 லட்சம் வரை. விளம்பரத்தில் ஏமாற்றினால் 10 லட்சம் வரை. பகுப்பாய்வாளரின் அறிக்கையை ஏற்காதவர், அது கைக்கு வந்த 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் படிவம் 8-இல் மேல்முறையீடு செய்ய வேண்டும். கடைசி நாள்வரை இழுத்துவிட்டு வக்கீலைத் தேடுவது வீண். சில்லறைக் கடைக்காரர் தன்னைக் காத்துக்கொள்ள ஒரே வழி, மொத்த வியாபாரியிடம் படிவம் 'இ' உத்தரவாதமோ, அந்த வாசகம் அச்சிட்ட பில்லோ வாங்கி வைப்பது. துண்டுச் சீட்டில் வாங்கினால் முழுப்பாரமும் அவர் தலையில்தான்.

எனக்கு அதிகம் கவலை தருவது கலரைவிட "சுகர் ஃப்ரீ" டப்பாக்கள்தான். கலரைக் குடிப்பவர் ருசிக்குக் குடிக்கிறார். இந்தப் பொடியை வாங்குகிறவர் சர்க்கரை நோயாளி, மருந்துபோல நம்பி வாங்குகிறார். ஸ்டீவியாவின் இனிப்புச் சத்து சர்க்கரையைப் போல 200, 300 மடங்கு இனிக்கும், ஆகவே கரண்டியில் அள்ளிப் போட ஏதாவது ஒரு நிரப்பி வேண்டும். அது எரித்ரிட்டால் என்றால் பரவாயில்லை. டெக்ஸ்ட்ரோஸ் என்றால் அது சுத்தமான குளுக்கோஸ். மால்டோடெக்ஸ்ட்ரினும் ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும். முன்பக்கத்தில் பச்சை இலைப் படமும் "இயற்கை ஸ்டீவியா" என்ற பெரிய எழுத்தும், பின்பக்கத்தில் மூலப்பொருள் பட்டியலின் முதல் பெயராக டெக்ஸ்ட்ரோஸும் இருந்தால், அதைத் தப்புக் குறியீடாகப் பதிவு செய்யத் தயங்கவே கூடாது. 2018 விளம்பரம் மற்றும் உரிமைகோரல் ஒழுங்குமுறைப்படி, "சர்க்கரை இல்லாதது" என்று போட 100 கிராமுக்கு 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. டெக்ஸ்ட்ரோஸ் முதலிடத்தில் இருக்கும் பொடி இதைத் தாண்டுவதற்கு ஆய்வகமே தேவையில்லை, ஊட்டச்சத்து அட்டவணையைப் படித்தாலே போதும்.

டப்பாவைத் திருப்பினால் பார்க்க வேண்டிய எண்கள்: 950 அசிசல்ஃபேம், 951 அஸ்பார்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா, 961 நியோடேம். 952 இருந்தால் சைக்லமேட், புகார் செய்யுங்கள். 951 இருந்தால் ஃபீனைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு உகந்ததல்ல என்ற எச்சரிக்கை கட்டாயம். அந்தப் பிறவிக் குறை உள்ள குழந்தைகளின் உடலால் அஸ்பார்டேமிலிருந்து வரும் ஃபீனைல்அலனினைச் சிதைக்க முடியாது, அது மூளையைப் பாதிக்கும். அந்த ஒரு வரியை விட்டுவிடுவதை அச்சுப்பிழை என்று மன்னிக்க முடியாது.

புகாருக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண் துறையுடையது. உறையின் நாலு பக்கமும், பேட்ச் எண், உரிமத்தின் 14 இலக்கம், கடை பில் எல்லாம் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். அலுவலர் வரும்வரை காத்திருக்க விரும்பாதவருக்குச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு இருக்கிறது. நுகர்வோரே பொருளை வாங்கிக் கட்டணம் கட்டிப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். ஒரு நிபந்தனை மட்டும்: வாங்கும்போதே, சோதனைக்கு அனுப்பப் போகிறேன் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு வந்து பாதி குடித்துவிட்டு அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். மூடி திறக்காத பாட்டிலாகவே எடுங்கள், சொன்னதற்குச் சாட்சியாகக் கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். பொருள் விதிமீறல் என்று அறிக்கை வந்தால் கட்டிய கட்டணத்தைத் திரும்பக் கேட்டு வாங்கலாம்.